எடை மெஷினோடு எப்படிப் பழகுவது? உடல் எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்லீவோ (இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடுவது) பைபாஸோ (இரைப்பையில் சின்னப் பை அமைத்து, குடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைப்பது), அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது சாப்பாட்டு அட்டவணை தருகிறார்கள். புரோட்டீன் கணக்கு, வைட்டமின் மாத்திரைகள், அடுத்து எப்போது வரவேண்டும் என்பதையெல்லாம் எழுதித் தருகிறார்கள். குளியலறை மூலையில் கிடக்கும் எடை மெஷினை என்ன செய்வது என்று மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. பல வருடங்களாகப் பார்க்கவே பயந்த பொருள் அது. இப்போது காலையில் கண் விழித்ததும் கால் அங்கேதான் போகிறது.

அந்த மெஷினுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு வேலை. முதல் மாதத்தில் அதற்கு வேலையே இல்லை. அடுத்த ஒன்றரை, இரண்டு வருடங்களுக்கு அது கணக்கு எழுத உதவும் கருவி. அதற்கப்புறம் எடை ஏறத் தொடங்கினால் முன்கூட்டியே சொல்ல வேண்டிய கருவி. முதல் வருடத்துப் பழக்கத்தையே ஐந்தாவது வருடத்திலும் வைத்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். கட்டம் மாறும்போது மெஷினிடம் கேட்கும் கேள்வியும் மாற வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: அது எதை எடை போடுகிறது?

மெஷின் மேல் கொழுப்பு மட்டும் ஏறி நிற்பதில்லை. தசை, எலும்பு, ரத்தம், குடலில் இருக்கும் மலம், சிறுநீர்ப்பையில் இருக்கும் சிறுநீர், சற்று முன் குடித்த தண்ணீர் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த எண். அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் அரை கிலோ கூடுதலாகக் காட்டும். மெஷின் பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள நினைத்தது அதையல்ல.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஒரே நாளில் ஒரு கிலோ கொழுப்பு கூட வேண்டுமானால், உடல் செலவழித்ததற்கும் மேலே அத்தனை கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். ஸ்லீவ் சிகிச்சையில் இரைப்பையில் முக்கால் பங்கையோ அதற்குச் சற்று அதிகமாகவோ எடுத்துவிடுகிறார்கள். பைபாஸில் சாப்பாடு போய்ச் சேரும் பை அதைவிடச் சிறியது. அப்படிப்பட்ட வயிற்றில் அவ்வளவும் ஒரு நாளில் இறங்குமா? ஆகவே நேற்றைவிட இன்று ஒரு கிலோ கூடியிருந்தால் அது தண்ணீர், அல்லது இன்னும் வெளியேறாத மலம்.

இப்படி ஏறுவதற்குக் காரணங்கள் நிறைய. முந்தைய நாள் உப்பு தூக்கலாகச் சாப்பிட்டிருப்பீர்கள். மாதவிடாய் நெருங்கியிருக்கும். நீண்ட நேரம் உட்கார்ந்தபடி பயணம் செய்து கால் வீங்கியிருக்கும். புதிதாக உடற்பயிற்சி தொடங்கியிருப்பீர்கள். வலிக்கிற தசைகள் சில நாட்களுக்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மலச்சிக்கல் இன்னொரு காரணம். குறைவாகச் சாப்பிட்டு, குறைவாகத் தண்ணீர் குடித்து, இரும்புச்சத்து மாத்திரையும் எடுப்பவர்களுக்கு அது சகஜம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரே இரவில் ஒரு கிலோ இறங்கினால் அதுவும் கொழுப்பு இல்லை. இறங்கும்போது மெஷினை முழுசாக நம்பிவிட்டு, ஏறும்போது மட்டும் "தண்ணீர்தான்" என்று சமாதானம் சொல்லிக்கொள்வது நியாயமில்லை. இரண்டுக்கும் ஒரே சட்டம்தான்.

படி 2: மெஷினை முதலில் சரிபாருங்கள்

டிஜிட்டல் மெஷினின் மூலைகளில் சுமையை உணரும் சிறு பகுதிகள் இருக்கின்றன. தரை சமமாகவும் கெட்டியாகவும் இருந்தால்தான் அவை ஒழுங்காக வேலை செய்யும். மிதியடி, கார்பெட், சரிவான குளியலறைத் தரை எல்லாமே எண்ணை மாற்றிவிடும். குளியலறை ஈரம் மெஷினுக்கும் நல்லதில்லை. படுக்கையறையில் டைல்ஸ் தரையில் ஓர் இடம் பார்த்து வைத்துவிட்டு, அங்கிருந்து நகர்த்தாமல் விடுங்கள். நகர்த்தினால் ஒருமுறை மிதித்து இறங்கி, பூஜ்யத்துக்கு வந்த பிறகு மீண்டும் ஏறுங்கள்.

மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி: எடை அச்சிட்ட ஐந்து கிலோ அல்லது பத்து கிலோ பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருமுறை, பை இல்லாமல் ஒருமுறை ஏறுங்கள். வித்தியாசம் ஏறக்குறைய அந்தப் பையின் எடையாக வர வேண்டும். மருத்துவமனை மெஷினுக்கும் வீட்டு மெஷினுக்கும் ஒரு கிலோ முன்னே பின்னே இருக்கும். அங்கே செருப்பு, உடை, சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம் என்று எல்லாமே வேறு. இரண்டு எண்களையும் ஒரே வரிசையில் எழுதாதீர்கள்.

வாங்குவதற்கு முன் அதிகபட்ச எடை வரம்பைப் பாருங்கள். வீட்டு மெஷின்களில் பலவற்றுக்கு வரம்பு 150 அல்லது 180 கிலோதான். அதைத் தாண்டிய எடையோடு ஏறினால் எண்ணுக்குப் பதிலாகப் பிழைக் குறியீடுதான் வரும். மனசை நோகடிக்க அது ஒன்றே போதும்.

கொழுப்புச் சதவீதம் காட்டும் ஸ்மார்ட் மெஷின்கள் பற்றியும் ஒரு வார்த்தை. அவை பாதம் வழியாக மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, உடல் அதை எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்து, ஒரு சூத்திரத்தில் போட்டுச் சதவீதம் சொல்கின்றன. உடம்பில் நீர் மாறினால் விடையும் மாறும். நீர்ச்சத்து வேகமாக மாறிக்கொண்டிருக்கும் முதல் வருடத்தில் அந்தச் சதவீதத்தை நம்பி எதையும் முடிவு செய்யாமல் இருப்பது நல்லது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அந்த வகை மெஷினைப் பயன்படுத்தவே கூடாது.

படி 3: முதல் மாதம், மெஷினை ஒதுக்கி வையுங்கள்

மருத்துவமனையில் ரத்தக் குழாய் வழியாக நிறைய திரவம் ஏற்றுவார்கள். அறுத்துத் தைத்த இடங்களும் வீங்கி நீர் கட்டும். அதனால் வீட்டுக்கு வந்த அன்றே மெஷினில் ஏறினால் போகும்போது இருந்ததைவிடச் சில கிலோ கூடுதலாகக்கூடக் காட்டும். "இத்தனை வலி பட்டு எடை ஏறிப்போச்சா?" என்று அழுதவர்கள் நிறைய பேர். சில நாட்களில் சிறுநீராக அது வெளியேறிவிடும்.

அதற்கப்புறம் வேகமாக இறங்கும். முதல் வாரங்களில் இறங்குவதிலும் ஒரு பெரிய பங்கு தண்ணீர்தான். கல்லீரலிலும் தசையிலும் உடல் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. அது சுமார் 400 முதல் 500 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கும். திரவ உணவில் அந்த இருப்பு தீரும்போது தண்ணீரும் சேர்ந்து போகும். கிட்டத்தட்ட இரண்டு கிலோ இப்படியே இறங்கிவிடும்.

பிறகு இரண்டாவது வாரத்துக்கும் நான்காவது வாரத்துக்கும் நடுவில், பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில், மெஷின் அப்படியே நின்றுவிடும். சாப்பிடுவது ஒரு சின்னக் கிண்ணம், ஆனாலும் எண் ஒரு வாரம், பத்து நாள் அசையாது. மசித்த உணவு, மென்மையான உணவு என்று சாப்பாடு முன்னேறும்போது உடல் கிளைகோஜனைக் கொஞ்சம் மீண்டும் நிரப்பிக்கொள்கிறது, கூடவே தண்ணீரையும் பிடிக்கிறது. உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டே இருக்கும், அதன் இடத்தைத் தண்ணீர் மறைத்துவிடும். மருத்துவருக்கு அதிகமாகப் போன் வருவது இந்த வாரத்தில்தான். தனக்கு மட்டும் சிகிச்சை வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டு, எடுக்கும் புரோட்டீனையும் குறைப்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். காயம் ஆறும் காலத்தில் புரோட்டீனைக் குறைத்தால் தசைதான் கரையும்.

ஆகவே முதல் மாதத்தில் மெஷினை அலமாரியில் வைத்துவிடுங்கள். மருத்துவமனை பரிசோதனையில் அவர்கள் எடுக்கும் எடை போதும். இந்த நாட்களில் கவனிக்க வேண்டியவை வேறு: போதிய அளவு திரவம் உள்ளே போகிறதா, சிறுநீர் அடர் மஞ்சளாக இல்லாமல் இருக்கிறதா, சொன்ன அளவு புரோட்டீன் (பெரும்பாலும் நாளுக்கு 60 முதல் 80 கிராம்) எட்டுகிறதா, தினமும் கொஞ்சம் நடக்கிறீர்களா. காய்ச்சல், காரணமில்லாமல் வேகமாக அடிக்கும் இதயத் துடிப்பு, அதிகரிக்கும் வயிற்று வலி, மூச்சு வாங்குதல் இருந்தால் மெஷினைப் பற்றி யோசிக்க நேரமில்லை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

படி 4: எத்தனை நாளுக்கு ஒருமுறை?

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் இல்லை. ஆனால் பார்க்காமலே இருப்பது நல்ல பதில் இல்லை என்று தெரியும். பைபாஸ் செய்துகொண்டவர்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கத் தொடங்கியவர்கள், வயிறு நிறைந்ததும் நிறுத்தியவர்கள், நாள் முழுக்கக் கொறிப்பதை விட்டவர்கள் ஆகியோருக்குக் கூடுதலாக எடை குறைந்திருந்தது. எடை பார்ப்பதே எடையைக் குறைக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. கவனமாக இருப்பவர்கள் செய்யும் பல காரியங்களில் இதுவும் ஒன்று.

தினமும் பார்ப்பதா, வாரம் ஒருமுறையா? உங்கள் சுபாவத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். காலையில் 400 கிராம் ஏறியிருந்தால் அந்த நாள் எப்படிப் போகும்? "சரி" என்று எழுதிவிட்டு வேலையைப் பார்ப்பவரானால் தினமும் பார்க்கலாம். காலை உணவைத் தவிர்ப்பது, எரிச்சல் படுவது, சாயங்காலம் இன்னொருமுறை ஏறுவது என்று போகுமானால் தினமும் வேண்டாம். ஒரே நாளில் இரண்டாவது முறை ஏறுவது யாருக்கும் வேண்டாம். அதில் புதிதாக எந்தத் தகவலும் கிடைக்காது.

எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் நேரமும் நிலைமையும் ஒன்றாக இருக்கட்டும்: காலையில், கழிப்பறை போய்வந்த பிறகு, எதுவும் சாப்பிடுவதற்கும் குடிப்பதற்கும் முன், ஒரே மாதிரி மெல்லிய உடையில்.

தினமும் பார்ப்பவர்கள் அன்றைய எண்ணைப் படிக்காதீர்கள், வாரச் சராசரியைப் படியுங்கள். ஏன் என்று ஓர் உதாரணத்தில் பார்ப்போம். ஒருவரின் முதல் வாரம்: 92.4, 92.9, 93.1, 92.2, 92.0, 92.6, 91.8. ஏழையும் கூட்டி ஏழால் வகுத்தால் 92.4. அடுத்த வாரம்: 92.3, 92.1, 92.8, 91.9, 91.6, 91.5, 92.0. சராசரி 92.0. அதாவது ஒரு வாரத்தில் 400 கிராம் குறைந்திருக்கிறது.

இதே நபர் வாரத்தின் கடைசி நாளில் மட்டும் பார்ப்பவராக இருந்தால்? முதல் வாரம் 91.8, அடுத்த வாரம் 92.0. 200 கிராம் ஏறிவிட்டது என்று வருத்தப்பட்டிருப்பார். வாரம் ஒருமுறை பார்ப்பவர்களுக்கு இந்த அபாயம் உண்டு. அவர்கள் ஒரு வாரத்தை முந்தைய வாரத்தோடு ஒப்பிடாமல், நான்கு வாரங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எழுத நோட்டுப் புத்தகமோ போனில் இருக்கும் ஆப்போ போதும். எண்ணுக்குப் பக்கத்தில் மாதவிடாய், பயணம், புது மருந்து, புது உடற்பயிற்சி இவற்றைக் குறித்து வைத்தால், இரண்டு மூன்று மாதத்தில் உங்கள் உடம்பு எப்போது தண்ணீர் பிடிக்கும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

படி 5: கிலோவை விட்டுச் சதவீதத்துக்கு மாறுங்கள்

"எனக்கு 31 கிலோ குறைந்தது, அவருக்கு 40 கிலோ குறைந்தது" என்ற ஒப்பீட்டில் ஒரு பிசகு இருக்கிறது. 124 கிலோவில் தொடங்கியவர் 93க்கு வந்தால் குறைந்தது 31 கிலோ. 160 கிலோவில் தொடங்கியவர் 120க்கு வந்தால் 40 கிலோ. இரண்டுமே தொடக்க எடையில் சரியாக 25 சதவீதம். அவருடைய சிகிச்சை உங்களுடையதைவிட நன்றாக வேலை செய்துவிடவில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. சில மருத்துவர்கள் மொத்த எடையில் எத்தனை சதவீதம் என்று சொல்வார்கள், சிலர் கூடுதல் எடையில் எத்தனை சதவீதம் என்று சொல்வார்கள். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் குறியீடு) 25 என்றால் எடை 64 கிலோ. 124 கிலோவில் தொடங்கினால் கூடுதல் எடை 60 கிலோ. அதில் 31 கிலோ போயிருந்தால் 52 சதவீதம். அதே மனிதர், அதே 31 கிலோ. ஒரு கணக்கில் 25 சதவீதம், இன்னொரு கணக்கில் 52. யாராவது ஒரு சதவீதத்தைச் சொன்னால், எதில் சதவீதம் என்று கேட்டுவிட்டு அப்புறம் உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். ஒப்பிடாமலே இருந்தால் இன்னும் நல்லது. வயது, சர்க்கரை நோய், எடுக்கும் மருந்துகள், சிகிச்சையின் வகை என்று எல்லாமே வேகத்தை மாற்றும்.

படி 6: மெஷின் பார்க்க முடியாததை நீங்கள் அளந்து வையுங்கள்

அறுவை சிகிச்சைக்கு முன்பே தொடங்க வேண்டிய படி இது. தவறியிருந்தால் இன்றே தொடங்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப் வைத்து, மூச்சை இயல்பாக விட்டபடி இடுப்புச் சுற்றளவை அளந்து மாதம் ஒருமுறை எழுதுங்கள். எடை நின்றிருக்கும் வாரங்களில் இந்த எண் பல சமயம் இறங்கிக்கொண்டிருக்கும்.

இழக்கும் எடையில் ஒரு பங்கு தசையாகவும் போகும். மெஷினுக்கு இது தெரியாது. தசை போனாலும் கொழுப்பு போனாலும் அதற்கு ஒன்றுதான். அதனால் பலத்தைத் தனியாக அளக்க வேண்டும். கை வைக்காத நாற்காலியில், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடிகளில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். எடை குறையும்போது இந்த எண்ணிக்கை கூட வேண்டும். எடை நன்றாகக் குறைந்து இந்த எண்ணிக்கையும் குறைகிறதென்றால் சந்தோஷப்பட எதுவுமில்லை. புரோட்டீன் போதவில்லை, அல்லது தசைக்கான பயிற்சி இல்லை. உணவியல் நிபுணரிடம் அதைச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து, எடை மெஷினைவிட முக்கியமான அளவு இது. ஆனால் யாரும் இதற்குக் கை தட்டுவதில்லை.

முழங்கால் வலி ஏன் இவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்று பலர் கேட்பார்கள். ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. பத்து கிலோ குறைந்தவருக்கு அது எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாடி ஏறும்போது மூச்சு, தூக்கம், குறட்டை, ரத்த அழுத்தம், எச்.பி.ஏ.1.சி. (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரை) அளவு, நிறுத்தப்பட்ட மாத்திரைகள் இவற்றையும் அதே நோட்டில் எழுதுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகளை நீங்களாகக் குறைக்கக் கூடாது. ஆனால் எடை வேகமாக இறங்கும்போது பழைய அளவு அதிகமாகிவிடும் என்பதால், தலைசுற்றலோ சர்க்கரை தாழ்வதோ இருந்தால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

படி 7: எடை நின்றுபோனால்

மூன்றாவது வார நிறுத்தம் போக, முதல் வருடத்தில் இன்னும் சில நிறுத்தங்கள் வரும். வாரச் சராசரி நான்கு வாரமாக அசையவில்லை என்றால்தான் அதை நிறுத்தம் என்று சொல்லலாம். பத்து நாளுக்கு எல்லாம் அந்தப் பேர் வேண்டாம்.

அப்படி நின்றால் பட்டினி கிடப்பது வழியில்லை. ஒரு வாரம் மட்டும் வாயில் போவதையெல்லாம் எழுதிப் பாருங்கள். குடிக்கும் கலோரிகளையும் சேர்த்து. பெரும்பாலும் விடை அங்கே இருக்கும்: சர்க்கரை போட்ட பானங்கள், மெதுவாக ஆனால் நாள் முழுக்கக் கொறிப்பது, சாப்பிடும்போதே தண்ணீர் குடித்து உணவை வழுக்கிவிடுவது. எழுதியதில் ஒன்றும் தப்பில்லை என்றால் உடல் தன் செலவைக் குறைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். முப்பது கிலோ குறைந்த உடம்புக்குப் பழைய அளவு எரிபொருள் தேவையில்லை. இது தோல்வியில்லை. காத்திருக்கலாம், தசைப் பயிற்சியைக் கூட்டலாம், உணவியல் நிபுணரிடம் நோட்டைக் காட்டலாம்.

படி 8: மிகக் குறைந்த எடையைத் தொட்ட பிறகு

கடினமான கட்டம் இதுதான். பெரும்பாலோர் 12 முதல் 24 மாதங்களுக்குள் தங்கள் மிகக் குறைந்த எடையைத் தொடுகிறார்கள். அதுவரை ஒவ்வொரு முறை ஏறும்போதும் பரிசு கிடைத்துக்கொண்டிருந்தது. இனி கிடைக்காது. எண் அப்படியே நிற்பதுதான் வெற்றி. ஆனால் அதை யாரும் பாராட்டுவதில்லை.

பிறகு கொஞ்சம் ஏறும். இதை முன்பே தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்களின் எடை முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீதம் குறைந்தது. பத்தாவது ஆண்டில் அது 25 சதவீதமாக இருந்தது. நம் 124 கிலோ உதாரணத்தில் போட்டுப் பாருங்கள்: மிகக் குறைந்த எடை சுமார் 84, பத்து வருடம் கழித்து 93. கிட்டத்தட்ட ஒன்பது கிலோ திரும்ப ஏறியிருக்கிறது. ஆனாலும் தொடக்கத்தைவிட 31 கிலோ குறைவு. அதே ஆய்வில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மத்தியில் இறப்பும் குறைந்திருந்தது. 84ஐ மட்டுமே நினைவில் வைத்திருப்பவருக்கு 93 அவமானமாகத் தெரியும். 124ஐ நினைவில் வைத்திருப்பவருக்கு அப்படித் தெரியாது. இது சராசரிதான். உங்கள் பாதை இதற்கு மேலேயோ கீழேயோ போகலாம்.

அதற்காக ஏறுவதையெல்லாம் விட்டுவிடவும் முடியாது. இங்கேதான் மெஷினுக்குப் புது வேலை. உங்கள் மருத்துவக் குழுவோடு பேசி ஒற்றை எண்ணுக்குப் பதிலாக ஒரு பட்டையை முடிவு செய்யுங்கள். எடை நிலையாக நின்றிருந்த மாதங்களின் சராசரியை எடுத்து, அதற்கு மேலும் கீழும் இரண்டு மூன்று கிலோ விடுங்கள். வாரச் சராசரி அந்தப் பட்டைக்குள் இருக்கும்வரை எதுவும் செய்ய வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம். மேல் கோட்டைத் தாண்டி இரண்டு வாரம் நின்றால் சாப்பாட்டு நோட்டை எடுங்கள். ஐந்து கிலோ தாண்டினால் மருத்துவமனைக்கு ஒரு நேரம் கேளுங்கள். இதையெல்லாம் எடை ஏறாத நாளில் காகிதத்தில் எழுதி வைப்பது முக்கியம். ஏறிய நாளில் எழுதினால் அது திட்டமாக வராது, தண்டனையாகத்தான் வரும்.

இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய தப்பு, மெஷினைக் கண்டாலே ஒதுங்கிப் போவது. கொஞ்சம் ஏறியிருக்கும் என்று சந்தேகம் வந்ததும் பார்ப்பதை நிறுத்துகிறார்கள். பரிசோதனைக்குப் போவதையும் வெட்கத்தில் தள்ளிப்போடுகிறார்கள். மூன்று கிலோவில் பேசியிருக்க வேண்டியது பதினைந்து கிலோவில் பேசப்படுகிறது. தினமும் நாலு முறை ஏறுகிறவரைவிட, ஒரு வருடமாக ஏறாதவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். எடை திரும்ப ஏறுவதற்கு இப்போது மருந்துகள் இருக்கின்றன, மறுபரிசோதனைகள் இருக்கின்றன, மனநல ஆலோசனை இருக்கிறது. போய்ச் சொன்னால்தான் அவை கிடைக்கும்.

படி 9: எண்ணைக் கேட்கும் மனிதர்கள்

"இப்ப எவ்வளவு குறைஞ்சிருக்கு?" என்று கேட்காத உறவினர் இல்லை. உங்கள் எடை உங்கள் மருத்துவத் தகவல். சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "நல்லா போயிட்டிருக்குங்க, டாக்டரும் திருப்தியா இருக்கார்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினால் போதும். வீட்டில் இருப்பவர்களிடம் மட்டும் தெளிவாகப் பேசிவிடுங்கள்: நான் மெஷினில் ஏறும்போது பக்கத்தில் வந்து எட்டிப் பார்க்க வேண்டாம், எண் எவ்வளவு என்று கேட்க வேண்டாம், நான் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த எண்ணை உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்?

இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறி, கூடவே கால் வீக்கமோ மூச்சு வாங்குதலோ இருந்தால் அதைச் சாதாரண நீர் என்று விடாதீர்கள். இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம்.

வாந்தி நிற்காமல் எடை மளமளவென்று இறங்கினால் அது வெற்றியில்லை. அப்படி நாட்கள் போனால் வைட்டமின் பி1 தீர்ந்துவிடும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பம் இவை வந்தால் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தாமதமானால் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகிவிடக்கூடும். பட்டையின் கீழ்க் கோட்டைத் தாண்டி எடை இறங்கிக்கொண்டே போனாலும் சொல்லுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு இந்த வழிகாட்டியில் உள்ள எந்தக் கணக்கும் பொருந்தாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு 12 முதல் 18 மாதங்கள் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வதற்கு வேகமாக எடை இறங்கும் அந்தக் காலமே காரணம்.

மெஷினை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டிய நிலைமை

சிலருக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. ஏறுவதற்கு முன்பே கை நடுங்குகிறது, எண்ணுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள், சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுக்கிறார்கள், மலமிளக்கி போடுகிறார்கள். இது மனவுறுதிக் குறைவு இல்லை, உணவுக் கோளாறின் அறிகுறி. உணவுக் கோளாறுகளில் அனுபவமுள்ள மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும். மெஷின் இனி வீட்டில் இருக்கக் கூடாது.

அப்படியானால் எடையை யார் கண்காணிப்பது? மருத்துவமனையே பார்க்கும். வரவேற்பில் பெயர் சொல்லும்போதே சொல்லிவிடுங்கள்: "எண்ணை எனக்குச் சொல்ல வேண்டாம், நான் திரும்பி நின்றுகொள்கிறேன்." எண் தெரியும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி ஏறி நில்லுங்கள், அவர்கள் குறித்துக்கொள்வார்கள். பிரிஸ்கிரிப்ஷன் காகிதத்தின் மூலையிலும் டிஸ்சார்ஜ் தாளிலும் எடை அச்சாகி வந்துவிடும். அதையும் மறைத்துத் தரச் சொல்லுங்கள், அல்லது கூட வந்தவர் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். எடை கவலைப்படும்படி இருந்தால் மட்டும் மருத்துவர் பேச்சை எடுக்கட்டும் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளலாம். இடுப்பு டேப்பையும் நாற்காலிப் பயிற்சியையும் வீட்டில் தொடரலாம். அந்த எண்களும் உங்களைத் துரத்த ஆரம்பித்தால் அவற்றையும் மருத்துவமனைக்கே விட்டுவிடுங்கள்.